கேட்சர் பார்த்த பக்கம்

நான் ஒருத்திதான் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மற்ற எட்டுப் பேரும் என்னைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கம்பி முகமூடியை மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்த முதல் நாளிலிருந்து சாந்தாமேரிக்குள் ஓடிக்கொண்டிருந்த நினைப்பு இது. வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூட ஆடும் அத்தாயி சிரித்திருப்பாள். "அதுக்குத்தான்டி உன்னைய அங்க உக்கார வச்சிருக்குது, வேடிக்கை பாக்கறதுக்கு" என்றிருப்பாள்.

ஏற்காட்டில் அந்தப் பெண்கள் கல்லூரிக்குப் பேஸ்பால் வந்தது எண்பத்தைந்தாம் வருடம். உடற்பயிற்சி ஆசிரியை ஞானசுந்தரி கோடை விடுமுறையில் மெட்ராஸுக்கு ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். திரும்பும்போது ஒரு சாக்குப்பை நிறையப் பழைய தோல் கையுறைகளும் இரண்டு கட்டைகளும் ஒரு கம்பி முகமூடியும் கொண்டுவந்தார். மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "உள்ள என்னங்க, கோழியா?" என்று கேட்டதை அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். ஒருத்தி எறிவாள், எதிர் அணிக்காரி கட்டையால் அடிப்பாள். அடிப்பவளுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்தைப் பிடிப்பவள் கேட்சர். அடித்த பந்தைத் துரத்த மற்றவர்கள் மைதானமெங்கும் நிற்பார்கள். எல்லோருக்கும் அப்பால், கடைக்கோடியில், நட்டநடுவே நிற்பவள் சென்டர்; அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் லெஃப்ட், ரைட். சாந்தாமேரியின் அப்பா சிங்கராயர் இதைக் கேட்டுவிட்டு, "கிட்டிப்புள்ளுக்கு வெள்ளக்காரன் சட்டை போட்டு உட்டிருக்கறான்" என்றார். அவர் கல்லூரிக்குக் கீழே இருந்த காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்.

"யாருங்கடி நொம்ப நேரம் குத்தவச்சு உக்காருவீங்க?" என்று ஞானசுந்தரி மேடம் முதல் நாள் கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாந்தாமேரி கையைத் தூக்கினாள். அறுவடை முடிந்ததும் செடிகளுக்கடியில் உதிர்ந்து கிடக்கும் காப்பிக்கொட்டைகளை அம்மாவோடு சேர்ந்து பொறுக்கிப் பழகியவள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்காமல் தவளை மாதிரி நகர்ந்துகொண்டே போவாள். அப்படித்தான் அவள் கேட்சர் ஆனாள். செம்மநத்தத்து அத்தாயி சென்டர் ஆனதற்குக் காரணம் இன்னும் எளிது. அவளைவிட வேகமாக ஓட யாரும் இல்லை. கல்லூரிக்கு வரும்வரை அவள் செருப்பு போட்டதுகூடக் கிடையாது.

மைதானம் கல்லூரியை ஒட்டிய கோயிலுக்குப் பின்னால் மலையின் விளிம்பில் இருந்தது. அதன் மறுகோடியில் வரிசையாக ஐந்து சில்வர் ஓக் மரங்கள். மரங்களுக்கு அப்பால் தரை கிடையாது. சரிவு, அதில் காப்பிச் செடிகள், அதற்கும் கீழே வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகள். குத்தவைத்து உட்கார்ந்தால் மரங்களின் இடுக்கு வழியே சாந்தாமேரிக்குத் தன் வீட்டு ஓடு தெரியும். அம்மா அடுப்பு மூட்டினால் புகை தெரியும். பந்து எறிபவளைப் பார்க்க வேண்டிய கண் அங்கே போய்விட்டு வரும்.

முதல் பருவத்தில் அவர்கள் சேலத்துக்குப் போய் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றார்கள். அங்கே டிசம்பரிலும் வெயில் தலையைப் பிளந்தது. கன்னம் சிவந்து மூச்சு வாங்க நின்றவர்களைப் பார்த்து, "மலைத் தக்காளிங்க வந்திருக்குது, கூடை எங்கடி?" என்று சேலத்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

அதே அணி ஏற்காட்டுக்கு ஆட வந்தபோது பாதி ஆட்டத்தில் மேகம் ஏறியது. பள்ளத்திலிருந்து கிளம்பி, மரங்களுக்கிடையே புகுந்து, கடைக்கோடியில் நின்றவர்களை ஒவ்வொருத்தராக விழுங்கிக்கொண்டு வந்தது. சாந்தாமேரிதான் அதை முதலில் பார்த்தாள். அவளுக்கு மட்டும்தானே அந்தப் பக்கம் தெரியும்! அத்தாயி மறைந்துபோன இடத்தையே பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தபோது, வெண்மைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சென்டர்! இங்க இருக்கறேன்!"

மலைப்பாதையில் மேகம் இறங்கினால் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பது ஊர் வழக்கம். குரல் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். செம்மநத்தத்திலிருந்து பள்ளிக்கு நடந்த காலமெல்லாம் அத்தாயி அப்படி வந்தவள்தான். மற்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. "லெஃப்ட்!" என்றது ஒரு குரல். "ரைட்!" என்றது இன்னொன்று. சாந்தாமேரி "ஓய்" என்று பதில் கொடுத்தாள். சேலத்துப் பெண்கள் தாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையவே பயந்தார்கள். அன்றைக்கு மலை அணி ஜெயித்தது.

அதன்பிறகு அது முறையாகிவிட்டது. மேகம் ஏறினால் கேட்சர் "எங்க?" என்று கத்துவாள். லெஃப்ட், சென்டர், ரைட் வரிசையாகப் பதில் வரும். மூன்று குரலும் வந்தபின்தான் பந்து எறியப்படும்.

அத்தாயிக்கு மேடம் கற்றுக்கொடுத்த முதல் பாடமும் அந்தப் பருவத்தில்தான். தலைக்குமேல் பறக்கும் பந்தைப் பிடிக்கப் பின்னோக்கி ஓடும்போது அவள் அடிக்கடி குனிந்து காலடியைப் பார்த்தாள். மேடம் விசில் ஊதினார்.

"பந்த மட்டும் பாரு கண்ணு. தரைய எதுக்குப் பாக்கறே? தரை அங்கயேதான் இருக்கும், எங்கயும் போயிராது."

மறு வருட மழையில் ஐந்து மரங்களில் ஒன்று போயிற்று. இரவோடு இரவாக, சத்தம்கூட இல்லாமல், வேரோடும் மண்ணோடும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. காலையில் பார்த்தால் அந்த இடத்தில் வானம். "போனாப் போவுது. வெளிச்சமாவாச்சும் ஆச்சு" என்றார் மேடம். எஸ்டேட்டில் மரத்தை அறுத்து விறகாக்கினார்கள். சாந்தாமேரியின் வீட்டுக்கும் கொஞ்சம் வந்தது. அந்த விறகு அடுப்பில் வெடித்து வெடித்து எரிந்தபோது அவள் அங்கே உட்காரப் பிடிக்காமல் வெளியே வந்து நின்றாள். ஏனென்று அம்மா கேட்டதற்குப் புகை என்றாள்.

இரண்டாம் பருவம் முழுக்க அவர்கள் ஏற்காட்டில் தோற்கவே இல்லை. மேகம் வழக்கமாக மூன்று மணிக்கு மேல்தான் ஏறும் என்பதை மேடம் கவனித்துவிட்டார். அதுவரை பெரும்பாலும் காலையில் நடந்த ஆட்டங்களை மத்தியானத்துக்கு மாற்றினார். முதலில் கொஞ்ச நேரம் சமாளிப்பது, பிறகு மேகத்துக்காகக் காத்திருப்பது. வெண்மை வந்து சூழ்ந்ததும் எதிர் அணிக்காரிகளின் கைகால் விறைத்துப்போகும். கோயிலுக்கு வருகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். 'மேகத்துல ஆடற புள்ளைங்க' என்று கடைத்தெருவில் பேர் வந்துவிட்டது.

சாந்தாமேரிக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். மேகத்துக்குள் உட்கார்ந்து "எங்க?" என்று கூப்பிட்டதும் அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும்போது நெஞ்சுக்குள் என்னவோ நிறையும். கூப்பிட்டால் வருகிறார்கள், அதனால் இருக்கிறார்கள். கண்ணால் பார்ப்பதைவிட அது உறுதியானதாக இருந்தது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். குரல் இருந்தால் காலுக்கடியில் தரையும் இருக்கும் என்று.

மூன்றாம் பருவத்துக்கு முந்தைய மழையில் இரண்டு மரங்கள் ஒன்றாகப் போயின. இந்த முறை மைதானத்தின் ஓரமும் கொஞ்சம் போயிற்று. மேடம் ஒரு கயிறு வாங்கிவந்து கம்புகள் நட்டு, மிச்சமிருந்த இரண்டு மரங்களுக்கு இந்தப் பக்கமாகக் கட்டி, சிவப்புத் துணித் துண்டுகளை முடிந்து தொங்கவிட்டார். கயிறுதான் எல்லை. கயிற்றுக்குமேல் பந்து போனால் விட்டுவிட வேண்டும்.

ஆரோக்கியசெல்வி விடவில்லை. லெஃப்டில் ஆடியவள் அவள்; மாரமங்கலத்துப் பெண், அதிகம் பேசாதவள். அன்றைக்கு மேகம்கூட இல்லை. நல்ல வெளிச்சம். தலைக்குமேல் போன பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடினாள். கயிறு இடுப்பில் தட்டியது, கம்பு பிடுங்கிக்கொண்டது, துணித் துண்டுகளோடு கயிற்றையும் இழுத்துக்கொண்டு மறைந்தாள். அப்புறம் சரிவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே நீண்டது. கையுறைக்குள் பந்து.

கைதட்டல் கோயில் சுவரில் மோதித் திரும்பியது. நடுவர்கூட அவுட் கொடுத்துவிட்டார். நான்கு பேர் இறங்கி, காப்பிச் செடியில் சிக்கிக் கிடந்தவளைத் தூக்கிவந்தார்கள். தோள் எலும்பு முறிந்திருந்தது. 'காப்பிச் செடிக்குள்ள புடிச்ச கேட்ச்' என்று கல்லூரி முழுக்க அதுவே பேச்சு. அடுத்த ஆட்டத்திலிருந்து, களத்தில் இறங்குமுன், நுழைவில் நட்டுவைத்த அந்தக் கம்பைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வதும் ஒரு வழக்கமாகிவிட்டது. கிறிஸ்தவப் பெண்கள் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஆரோக்கியசெல்வி படிப்பை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்து சாந்தாமேரி மாரமங்கலத்துக்கு பஸ் ஏறிப் போனாள். அவள் கையைத் தூளிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு மிளகு உலர்த்திய பாயருகே உட்கார்ந்திருந்தாள். பந்தைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. காப்பி கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தபோதுதான் சொன்னாள்.

"நான் கீழ போயிட்டிருக்கறப்பவே கைதட்டுனீங்க. எனக்குக் கேட்டுச்சு சாந்தா."

பஸ்ஸில் வரும்போது சாந்தாமேரி, நான் தட்டவில்லையே, என் கையில் கையுறை இருந்ததே என்று யோசித்தாள். யோசித்தது அவளுக்கே அற்பமாகத் தோன்றியது. அவள் தட்டவில்லைதான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று தட்டியது. அவுட் என்றதும் துள்ளியது.

நான்காம் பருவம் வந்தபோது சாந்தாமேரியும் அத்தாயியும் பி.ஏ. முடித்து அங்கேயே எம்.ஏ. சேர்ந்திருந்தார்கள். சாந்தாமேரி அணித்தலைவி. அந்த வருட மழை கார்த்திகை முழுக்க விடாமல் பெய்தது. நின்றபோது ஒரே ஒரு சில்வர் ஓக் மிச்சமிருந்தது. அதன் வேர்கள் பாதி வெளியே, பள்ளத்தின் பக்கம், காற்றில் விரல்போல் நீண்டிருந்தன. மேடம் கயிற்றை இன்னும் உள்ளே தள்ளிக் கட்டினார். மரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே புல் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் மிதித்தால் மெத்தைபோல் அமுங்கியது.

அதே வருடம் சாந்தாமேரியின் வீட்டிலும் ஒன்று அமுங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சோடு அப்பாவுக்கு வேலை ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு வீடு கிடையாது. போக உறவென்றும் பெரிதாக இல்லை. அம்மா அற்புதம் இப்போதே பரண்மேலிருந்த பாத்திரங்களை இறக்கித் துடைத்துச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

ஒரே ஒரு வழி இருந்தது. மண்டலக் கோப்பை ஜெயித்த அணியின் தலைவிக்கு மின்வாரியத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். போன வருடம் சேலம் அணித்தலைவிக்குக் கிடைத்தது. வேலையோடு குவார்ட்டர்ஸும். இதை விசாரித்து வந்து சொன்னது மேடம்தான். சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு கண்ணு, ஊட்டப் பத்தி ரோசனை வேண்டாம்னு. நான் இருக்கறேன்."

அப்பா கேட்டுவிட்டு, "பந்து புடிச்சா கரண்டு ஆபீஸ்ல உத்தியோகமா? தெரிஞ்சிருந்தா நானும் ரைட்டர் வேலைய உட்டுப்போட்டுப் புடிச்சிருப்பனே" என்றார். அம்மா சிரிக்கவில்லை. சாக்கின் வாயைத் தைக்கும் ஊசியை மட்டும் நிறுத்தினாள். அந்த ஊசி நின்ற விதம் சாந்தாமேரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் இறுதியாட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரணி சேலம். ஆட்டம் ஏற்காட்டில் நடக்க வேண்டுமென்று மேடம் எங்கெங்கோ அலைந்து கேட்டு வாங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. இறுதியாட்டத்துக்கு மைதானம் குறிப்பிட்ட நீளம் இருக்க வேண்டும். அளக்க ஆள் வருவார்கள். அளந்தால் கயிறுவரை போதாது.

ஆட்டத்தன்று காலை சாந்தாமேரி மைதானத்துக்கு வந்தபோது சிவப்புத் துணித் துண்டுகள் வேறொரு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தன. கயிறு மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பள்ளத்தின் உதட்டில்.

"அளந்துட்டுப் போயிட்டாங்க. சரியா இருக்குதாம்" என்றார் மேடம். முகத்தில் தூக்கமில்லை. கம்புகளை அவரே நட்டிருக்க வேண்டும், உள்ளங்கையெல்லாம் செம்மண். "ஒரு நாளைக்குத்தான கண்ணு. ஒரே ஒரு ஆட்டம். அடுத்த வருசம் டீமே இருக்குமான்னு தெரியல. ஆஸ்டல் கட்டறதுக்கு இந்த எடத்தக் கேக்கறாங்க."

சாந்தாமேரி அத்தாயியைத் தனியாக இழுத்துப் போய், மரத்துக்கு இந்தப் பக்கமே நில் என்றாள்.

"ஏன்டி, மரம் என்ன என்னைய முழுங்கிப்போடப் போவுதா?"

"அக்கட்ட மண்ணு சரியில்ல அத்தாயி."

"மண்ணு எனக்குத் தெரியாதாக்கும்? நான் காட்டுல கெடந்து வளந்தவ புள்ள. நீ ரைட்டர் மவ." அத்தாயி கம்பைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு, குதித்துக்கொண்டே ஓடினாள். பாதி தூரம் போய்த் திரும்பிக் கத்தினாள். "கரண்டு ஆபீஸ் போனா என்ற ஊட்டுக்கு ஒரு பல்பு போட்டுக் குடுத்துரு, ஆமா!"

ஆட்டம் இரண்டரைக்குத் தொடங்கியது. கடைசிச் சுற்றுவரை மேகம் வரவில்லை. மலை அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. சேலத்துக்கு இன்னும் ஒருத்திதான் பாக்கி. அவளை அவுட்டாக்கினால் கோப்பை. அவள் உயரமானவள், தோள் அகன்றவள், அன்றைக்கே இரண்டு முறை பந்தை நேராகச் சென்டருக்கு, அத்தாயியின் தலைக்குமேல் அடித்திருந்தாள். இரண்டு முறையும் அத்தாயி மரத்தருகே போய்ப் பிடித்தாள். மூன்றாவது முறைக்கு அவள் தானாகவே இன்னும் பின்னால் போய் நிற்பது சாந்தாமேரிக்குத் தெரிந்தது. மரத்துக்குப் பக்கவாட்டில், சிவப்புத் துணிகளுக்கு வெகு அருகில்.

முதல் பந்தைச் சேலத்துக்காரி அடிக்காமல் விட்டாள். இரண்டாவதை வீசித் தவறவிட்டாள். நேரான மூன்று பந்தைக் கோட்டைவிட்டால் அவுட்; இன்னும் ஒன்றுதான் பாக்கி. பந்து சாந்தாமேரியின் கையுறைக்குள் பொத்தென்று விழுந்தபோது, மேகம் ஏறிவிட்டது.

வழக்கமாக அது தவழ்ந்து வரும். இன்றைக்கு எழுந்து நின்றது. மரம் போயிற்று. கயிறு போயிற்று. அத்தாயி போனாள். லெஃப்டும் ரைட்டும் போனார்கள். பந்தெறியும் மரியசெல்வியின் உருவம் மட்டும் நனைந்த துணியில் வரைந்ததுபோல் நடுவில் நின்றது. சேலத்துக்காரி கட்டையை இறக்கிவிட்டுப் பின்வாங்கினாள்.

"எங்க?" என்று சாந்தாமேரி கத்தினாள்.

"லெஃப்ட்!"

"சென்டர்!"

"ரைட்!"

மூன்று குரலும் வந்தன. வந்தால் எறியலாம். அதுதான் முறை. ஆனால் நடுக்குரல் வந்த இடம் சரியாக இல்லை. அது தொலைவிலிருந்து வந்தது. தொலைவென்றால்கூடப் பரவாயில்லை, கீழிருந்து வந்ததுபோல் இருந்தது. லைன் வீடுகளிலிருந்து அம்மா கூப்பிடும்போது குரல் இப்படித்தான் வரும்.

"சென்டர் எங்க?"

"இங்கதான்டி! நீ என்ன என்ற மாமியாளா, எந்நேரமும் தேடறே? போடச் சொல்லு!"

இப்போது குரல் இடப்பக்கமிருந்து வந்தது. யாரோ சிரித்தார்கள். சாந்தாமேரி முகமூடியைக் கழற்றினாள். ஈரக் காற்று முகத்தில் படிந்தது. நான்கு பருவமாக நம்பிய ஒன்று அவளுக்குள் சத்தமில்லாமல், வேரோடும் மண்ணோடும், வழுக்கியது. குரல் ஓர் இடத்திலும் ஆள் ஓர் இடத்திலும் இருக்கலாம். எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கலாம். இத்தனை நாள் அவள் கூப்பிட்டதற்கு மேகம் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். கீழே விழுந்துகொண்டிருப்பவளும் 'சென்டர்' என்று சொல்ல முடியும்.

"டைம்" என்று ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்டாள்.

நடுவர் மாரிசாமி சேலத்திலிருந்து வந்தவர். மப்ளரை இறுக்கிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார். "பிட்சர் தெரியுது, பேட்டர் தெரியுது. எனக்கு அது போதுமுங்க. ஆனா மேகம் உங்க ஊரு சமாச்சாரம். நிறுத்தோணும்னா நீதாம்மா சொல்லோணும். நிறுத்துனா இன்னைக்கு ஆட்டம் செல்லாது. வர்ற வாரம் சேலத்துல மொதல்ல இருந்து."

சேலத்தில். வெயிலில். அங்கே அவர்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

கூட்டத்திலிருந்து யாரோ, "ஒரே பந்து, போடுங்கம்மா!" என்றார்கள். மரியசெல்வி பந்துக்காகக் கையுறையை விரித்துக்கொண்டு நின்றாள். மேகத்துக்குள்ளிருந்து அத்தாயி, "ஏன்டி, தூங்கிட்டயா?" என்று கத்தினாள். வலப்பக்கமிருந்து.

மேடம் ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று புல்லில் தங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன கண்ணு?"

"அத்தாயி எங்க நிக்கறான்னு தெரியலீங்க மேடம்."

"குரல் குடுக்கறால்ல?"

"குடுக்கறா. எங்கிருந்துன்னு தெரியலீங்க."

"அவ மூணு வருசமா இதுல ஆடறவ, சாந்தா. அவளே போடுங்கறா." மேடம் சேலத்துக்காரியைக் கண்ணால் காட்டினார். "அந்தப் புள்ள அடிக்கமாட்டா. பயந்துபோய் நிக்கறா பாரு. மரியா நேரா ஒண்ணு போட்டா நீ புடிச்சுப்போட்டு எந்திரிச்சிரலாம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. உங்கம்மாள நெனச்சுப் பாரு. உங்கப்பா அந்த ஊட்ட உட்டு எங்க போவாரு?"

சாந்தாமேரி நினைத்துப் பார்த்தாள். ஊசி நின்றது. சாக்கின் வாய் பாதி தைத்தபடி திறந்திருந்தது. மேடம் சொல்வது ஒன்றும் பொய்யில்லை. அடிக்கமாட்டாள், அநேகமாக. அடித்தாலும் அத்தாயி பிடிப்பாள், அநேகமாக. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னோக்கி ஓடுவாள், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே. பிடித்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்குள்ளும் ஒன்று தட்டும், என்று சாந்தாமேரி நினைத்தாள். அவள் எங்கே இருந்தாலும் அது அவளுக்குக் கேட்கும்.

வெண்மைக்குள் எங்கோ மண் உதிர்வதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காப்பி இலையில் பனி சொட்டியதாகவும் இருக்கலாம். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் நடுவர்.

மேடம் கையை நீட்டினார். செம்மண் இன்னும் ரேகைகளில் இருந்தது. "மரியாவுக்கு நான் குடுக்கறேன். பந்தக் குடு சாமி."

சாந்தாமேரி முகமூடியைப் புல்மேல் கவிழ்த்து வைத்தாள். பந்து கிடந்த கையுறையை இன்னொரு கையால் மூடி, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மறுபடியும் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்க மேடம்" என்றாள், அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.